முதல் கேமராவுக்கு இஎம்ஐ போடாதீங்க!

முதல் முதலா கேமரா வாங்க வர்றவங்களை நேரா ஒரு லட்ச ரூபாய் பாடி பக்கம் தள்ளிட்டுப் போறதைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

விஷயம் என்னன்னா, அக்கா பொண்ணு விஸ்காம் சேர்ந்திருக்கா. சேர்ந்த கையோட சீனியர் பசங்க ஒரு லிஸ்ட் கொடுத்துட்டாங்க. ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ், அதுக்கு ஒரு 24-70 லென்ஸ், கிம்பல், ரெண்டு லைட்டு. "மாமா, இதெல்லாம் இல்லாம கிளாஸ்ல ஒருத்தரும் மதிக்க மாட்டாங்களாம்"னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறா. அத்தான் ஒரு கடையில போய் விசாரிச்சிருக்கார். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி, மாசாமாசம் இவ்வளவுதான் சார், கட்டறதே தெரியாதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்துட்டார். அதை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு என்கிட்ட வந்து, "என்ன மாப்ள, போட்டுடலாமா?"ன்னு கேக்கறார்.

வேண்டாம் அத்தான்.

படம் எடுக்கக் கத்துக்க ஒரு பழைய, சாதாரண டிஎஸ்எல்ஆர் பாடி போதும். செகண்ட் ஹேண்டே போதும். மிச்சப்படற காசுல ஒரு நல்ல லென்ஸ் வாங்குங்க. அதுக்கும் மேல மிச்சம் இருந்தா, அந்தப் பொண்ணு கேமராவைத் தூக்கிக்கிட்டு நாலு ஊர் போய் வர பஸ் காசு கொடுங்க. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். ஏன்னு கேட்டா, அதுக்குத்தான் மிச்சப் பதிவு.

முதல்ல இந்த வகை கேமரா எப்படி நம்ம கைக்கு எட்டுச்சுன்னு பார்ப்போம்.

1991-ல கோடாக் டிசிஎஸ்னு ஒண்ணு வந்துச்சு. நிக்கான் எஃப்3 ஃபிலிம் கேமரா முதுகுல டிஜிட்டல் சென்சரைப் பொருத்தி, படம் சேமிக்கத் தனியா ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டுத்தான் அலையணும். மொத்தம் 13 லட்சம் பிக்சல். விலையைக் கேட்டா பெரிய பத்திரிகை ஆபீஸே ரெண்டு தடவை யோசிக்கும்.

அங்கேர்ந்து 2003 ஆகஸ்ட்டுக்கு வாங்க. கேனன் 300டி. 63 லட்சம் பிக்சல், வெள்ளி நிற பிளாஸ்டிக் பாடி, அமெரிக்காவுல பாடி மட்டும் 899 டாலர். டிஎஸ்எல்ஆர் விலை ஆயிரம் டாலருக்குக் கீழ இறங்கினது அப்பதான். கல்யாண வீட்டு ஃபோட்டோகிராஃபர் இல்லாத சாதாரண ஆளும் இதை வாங்கலாம்ங்கற நினைப்பு வந்ததும் அப்பதான். அடுத்து நிக்கான் டி70, டி40 எல்லாம் வந்து இறங்கிச்சு. 2018-ல வந்த நிக்கான் டி3500-ஐ கிட் லென்ஸோட சேர்த்தே 500 டாலருக்குள்ள வித்தாங்க. 2 கோடியே 42 லட்சம் பிக்சல்! பதினஞ்சு வருஷத்துல பிக்சல் நாலு மடங்கு ஏறி, விலை பாதிக்கு வந்துடுச்சு.

இப்ப கம்பெனிகள் புது மாடலுக்குச் செலவழிக்கற மூளை எல்லாம் மிரர்லெஸ் பக்கம் போயிடுச்சு. உண்மைதான். உடனே "டிஎஸ்எல்ஆர் செத்துப் போச்சு"ன்னு வீடியோ மேல வீடியோ. சரி, செத்துப் போச்சுன்னே வச்சுக்கோங்க. அதனால யாருக்கு லாபம்? உங்களுக்குத்தான்! ஆசையா வாங்கி, நாலு தடவை ஊட்டிக்கு எடுத்துட்டுப் போய், அப்புறம் அலமாரில பூட்டி வச்ச கேமரா எல்லாம் இப்ப விலைக்கு வருது. நான் விசாரிச்ச வரைக்கும் கிட் லென்ஸோட 15,000-லேர்ந்து 22,000 ரூபாய்க்குள்ள நல்ல கண்டிஷன்லயே கிடைக்குது. ஒரு சுமாரான போன் விலை.

"போன்லயே நல்லா வருதே மாமா"ன்னு இவளே கேட்டா.

நல்லா வருது. யார் இல்லேன்னா? ராத்திரில போன் எடுக்கற படத்தைப் பார்த்து நானே பல தடவை அசந்து போயிருக்கேன். ஆனா அந்தப் படத்துல முக்கால்வாசி முடிவு போனோடது. பட்டனைத் தொட்டதும் நாலஞ்சு படம் எடுத்து, அதை ஒண்ணா அடுக்கி, நிழலைத் தூக்கி, முகத்தை வழவழன்னு ஆக்கி, வானத்தை நீலமாக்கி உங்க கையில கொடுக்குது. வெளிச்சம் எங்கேர்ந்து வந்துச்சு, எவ்வளவு வந்துச்சுன்னு நீங்க கவனிக்கவே வேண்டியதில்ல. கத்துக்க வந்தவங்களுக்கு அந்தக் கவனம்தானே வேணும்?

டிஎஸ்எல்ஆர்ல ஒரு சுகம் இருக்கு. லென்ஸைக் கழட்டிட்டு உள்ள எட்டிப் பாருங்க. (ஃபேனை நிறுத்திட்டு, கேமராவைக் குப்புறப் பிடிச்சுக்கிட்டு, பார்த்ததும் மூடிடுங்க. இல்லேன்னா உள்ள தூசி போயிடும்.) 45 டிகிரி சாய்வுல ஒரு சின்னக் கண்ணாடி தெரியும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் அதுல பட்டு மேல போய், அங்க இருக்கற கண்ணாடிகள்ல திரும்பித் திரும்பி உங்க கண்ணுக்கு வருது. நடுவுல ஸ்க்ரீன் கிடையாது. வேப்பமரத்துல பட்ட அதே வெயில் உங்க கண்ணுக்குள்ள விழுது. பட்டனை அழுத்தினா அந்தக் கண்ணாடி படக்குனு மேல போகும், ஷட்டர் திறந்து மூடும், கண்ணாடி கீழ வரும். அந்த "சளக்" சத்தம் அதுதான். படம் பதியற அந்த நொடில வியூஃபைண்டர் இருட்டிடும். அதனால கிளிக்குக்கு முன்னாடி எல்லாத்தையும் நீங்களே தீர்மானம் பண்ணியாகணும். எடுத்து முடிச்சுட்டு ஸ்க்ரீன்ல பார்த்து, ஏன் இருட்டா வந்துச்சுன்னு யோசிக்கணும். மறுபடி எடுக்கணும். எனக்குப் படம் எடுக்கத் தெரியும்னா, அது இப்படி யோசிச்சதால வந்ததுதான்.

பேட்டரியையும் சொல்லணும். ஸ்க்ரீன் எரியாததால கரண்ட் செலவு ரொம்பக் கம்மி. டி3500-க்கு ஒரு சார்ஜ்ல 1,550 படம்னு கம்பெனி கணக்கு. ஒரு நாள் திருவிழாவையே முடிச்சுடலாம்.

சரி, எந்த மாடல்?

நம்ம ஊர் மார்க்கெட்ல அதிகமா கைமாறறது கேனன்ல 1300டி, 1500டி, 3000டி, 200டி. நிக்கான்ல டி3300, டி3400, டி3500. இதுல எதை எடுத்தாலும் படம் நல்லாத்தான் வரும். நான் அடிச்சுச் சொல்வேன். ஆனா சின்னச் சின்ன விஷயங்கள்ல கம்பெனிக்காரங்க கை வச்சிருக்காங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

3000டி-யை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். லென்ஸ் மாட்டற வளையமே பிளாஸ்டிக். அதைவிட மோசம், வியூஃபைண்டர்ல கண் பவருக்கு ஏத்த மாதிரி திருப்பற அந்தக் குட்டிச் சக்கரம் கிடையாது. கண்ணாடி போடறவங்க அதைக் கழட்டிட்டுப் பார்த்தா எல்லாமே மங்கல்தான். ரெண்டு மூவாயிரம் மிச்சம் பிடிக்க இதை வாங்கறது வீண்.

1500டி நல்ல கேமரா. உலோக மவுண்ட், 2 கோடியே 41 லட்சம் பிக்சல், போனுக்குப் படம் அனுப்ப வைஃபை. ஆனா ஃப்ளாஷ் மாட்டற ஹாட் ஷூவை ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. நடுவுல பெரிசா ஒரு பின் இருக்கணும். இதுல இருக்காது! 3000டி-லயும் 200டி மார்க் 2-லயும் அதே கதை. அந்த நடு பின்னை நம்பியே வேலை செய்யற மலிவு விலை ஃப்ளாஷ், டிரிகர் எதுவும் இதுல எரியாது. பழைய 1300டி-ல அந்தப் பின் இருக்கு. பத்துப் பைசா செலவில்லாத ஒரு தகட்டைப் பிடுங்கிட்டாங்க. மாணவர்கள் வாங்கற கேமராவுலதான் இந்த வேலையைக் காட்டணுமா? எனக்கு இன்னிக்கும் ஆறலை.

நிக்கான் பக்கம் வேற ஒரு கணக்கு. டி3000, டி5000 வரிசை பாடி எதுலயும் உள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸ்ல இருக்கணும். லென்ஸ் பேர்ல ஏஎஃப்-எஸ் இல்லாட்டி ஏஎஃப்-பின்னு எழுதியிருந்தா தைரியமா வாங்கலாம். வெறும் ஏஎஃப், கடைசில டின்னு போட்ட பழைய 50 எம்எம் ரொம்ப மலிவாக் கிடைக்கும். நல்ல லென்ஸ்தான். ஆனா இந்த பாடில அதோட ஃபோகஸைக் கையாலதான் திருப்பணும். அதேபோல ஏஎஃப்-பி லென்ஸ் டி3200-லயும் அதுக்கு முந்தின மாடல்கள்லயும் ஃபோகஸ் பண்ணாது. கேனன்ல இந்தத் தலைவலி இல்ல. 1987-லேர்ந்து வந்த இஎஃப் லென்ஸ் எதை மாட்டினாலும் ஃபோகஸ் ஆகும்.

ஆனா நிக்கான்ல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். டி3500 டயல்ல "கைட்"னு ஒரு மோட். பின்னாடி ப்ளர் ஆகணுமா, ஓடறதை நிறுத்தணுமான்னு அதுவே கேட்டு, எந்த செட்டிங்கை மாத்தணும்னு படிப்படியாக் காட்டும். பக்கத்துல சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவங்களுக்கு அது பெரிய உதவி.

வீடியோதான் முக்கியம்னா இந்தப் பட்டியல்ல 200டி மட்டும் பாருங்க. மைக் மாட்ட ஓட்டை இருக்கு, ஸ்க்ரீன் திரும்பும், வீடியோ ஓடும்போது ஃபோகஸ் தடுமாறாது. 1500டி-லயும் டி3500-லயும் மைக் மாட்டவே வழி இல்ல.

கடைல "காம்போ"ன்னு ஒண்ணு தருவாங்க பாருங்க... பை, ட்ரைபாட், கிளீனிங் கிட், ஃபில்டர், அதோட ஒரு மெமரி கார்டு. ட்ரைபாட்ல கேமராவை வச்சா தலை தானாக் கீழ சாயும். ஃபில்டர் போட்டா எதிர் வெளிச்சத்துல படம் வெளுத்துப் போகும். கார்டு மட்டும் தேறும். லென்ஸைக் காப்பாத்தணும்னா ஒரு ஹுட் வாங்கி மாட்டுங்க. முட்டினாலும் ஹுட்தான் முட்டும், வெயில் படாம மறைக்கவும் செய்யும்.

இப்ப என் செல்லத்துக்கு வர்றேன். லென்ஸ்!

கிட் லென்ஸ் 18-55 ஒண்ணும் கெட்டது இல்ல. வெளில நல்ல வெயில்ல அருமையா எடுக்கும். ஆனா ஜூம் பண்ணி 55 பக்கம் போனா அதோட அப்பெர்ச்சர் (வெளிச்சம் நுழையற ஓட்டை, எண் சின்னதானா ஓட்டை பெரிசு) எஃப்/5.6-க்கு மேல திறக்காது. 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் ஒண்ணு வாங்கி மாட்டினா, அதே இடத்துல கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வரும். பத்து மடங்கு! சாயங்காலம் கோயில் பிரகாரத்துல கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டற அளவு) 6400 வேணும்னா, இதுக்கு 640 போதும். ஒரு லட்ச ரூபாய் பாடி வாங்கி அதுல கிட் லென்ஸ் மாட்டறவர், பழைய பாடில 50 மாட்டினவர்கிட்ட அந்த இருட்டுல திணறுவார். கேனன் 50 எம்எம் எஸ்டிஎம் 2015-ல வந்தது. 160 கிராம்தான் எடை. புதுசே 10,000 ரூபாயை ஒட்டித்தான். செகண்ட் ஹேண்ட்ல இன்னும் குறையும்.

இவளுக்கு 1500டி-யும் அந்த 50-ம் எடுத்துக் கொடுத்தோம். ரெண்டுமே பழசு.

முதல் நாள் எங்க அம்மாவை ஜன்னலோரம் உக்கார வச்சா. காலை வெளிச்சம் ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் வருது. எஃப்/1.8, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 400. எடுத்துட்டு ஸ்க்ரீன்ல பெரிசு பண்ணிப் பார்த்தா மூக்குத்தி பளிச்சுன்னு இருக்கு. கல்லுக்குள்ள ஜன்னல் கம்பி கூடத் தெரியுது. கண்ணு கலங்கலா இருக்கு. காதுத் தோடு வெறும் வெளிச்சப் புள்ளியா நிக்குது. "பாட்டிக்கு மூக்குத்திதான் அழகு, ஆனா கண்ணு வரலையே"ன்னு முழிக்கறா. அப்பதான் சொன்னேன். இந்த லென்ஸை முழுசாத் திறந்து வச்சு ஒரு மீட்டர் தூரத்துலேர்ந்து எடுத்தா, ஷார்ப்பா இருக்கற ஆழம் மூணு சென்டிமீட்டர் கூடக் கிடையாது. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரத்துலயே அது முடிஞ்சு போகுது. கேமரா தானா ஃபோகஸ் பாயின்ட்டைத் தேர்ந்தெடுத்தா பெரும்பாலும் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கறதைப் பிடிச்சுக்கும். அதனால நடுப் பாயின்ட்டை மட்டும் வச்சுக்கோ. பக்கத்துல இருக்கற கண்ணு மேல வை. பாதி அழுத்திப் பிடி. அப்புறம் ஃப்ரேமைச் சரி பண்ணிக்கோ. அப்பெர்ச்சரை எஃப்/2.8-க்குக் கொண்டு போ.

அடுத்த படத்துல ரெண்டு கண்ணும் வந்துடுச்சு, மூக்குத்தியும் வந்துடுச்சு. பின்னாடி கேலண்டர், குத்துவிளக்கு எல்லாம் கரைஞ்சு போயிடுச்சு. எங்க அம்மா அதைப் பார்த்துட்டு, "எனக்கு இவ்வளவு சுருக்கமா?"ன்னு கேட்டுட்டு, பிரிண்ட் போட்டு ஃப்ரேம் மாட்டச் சொல்லிட்டாங்க.

ஒரு எச்சரிக்கை. 50 எம்எம் எல்லார் வீட்டுக்கும் ஒத்து வராது. இந்த கேமராக்கள்ல சென்சர் சின்னது. கேனன்ல 1.6 மடங்கு, நிக்கான்ல 1.5 மடங்கு கிட்டத்துல காட்டும். கேனன்ல 50 போட்டா ஃபுல் ஃப்ரேம்ல 80 போட்ட அளவுக்குத் தெரியும். பத்துக்குப் பத்து ரூம்ல நாலு பேரை நிக்க வச்சு எடுக்கணும்னா சுவத்துல முதுகு ஒட்டியும் பத்தாது. வீட்டுக்குள்ள, கடைக்குள்ள, சந்துல எடுக்கற ஆளா இருந்தா கேனன்ல 24 எம்எம் எஃப்/2.8 இருக்கு. தட்டையா, 125 கிராம்தான். நிக்கான்ல 35 எம்எம் எஃப்/1.8 டிஎக்ஸ். அது 2009-லேர்ந்து வர்ற லென்ஸ், பழசு நிறையக் கிடைக்கும். என்னைக் கேட்டா நிக்கான் வாங்கறவங்க கண்ணை மூடிக்கிட்டு அந்த 35-ஐ எடுக்கலாம்.

வேடந்தாங்கல், பழவேற்காடுன்னு பறவை எடுக்கணும்னா கதையே வேற. அதுக்கு கேனன்ல 55-250, நிக்கான்ல 70-300 தேடுங்க. ஆனா முதல் லென்ஸா வேண்டாம். ஆறு மாசம் போகட்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறப்ப கையில ஒரு மெமரி கார்டும் போனும் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க. ரிச்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார்னு எங்க போனாலும் சரி, தெரிஞ்சவர் வீடா இருந்தாலும் சரி. பகல்ல போங்க.

போன் டார்ச்சை லென்ஸோட ஒரு பக்கம் வச்சு, மறுபக்கத்துலேர்ந்து சாய்வாப் பாருங்க. உள்ள ரெண்டு மூணு தூசி இருந்தா பரவாயில்ல, படத்துல வராது. வெள்ளையா நூல் நூலாக் கிளை விட்டிருந்தா அது ஃபங்கஸ். பேச்சே கிடையாது, வெச்சுட்டு வந்துடுங்க.

அப்பெர்ச்சரை எஃப்/16 வச்சு வெளிர் வானத்தையோ வெள்ளைச் சுவத்தையோ ஒரு படம் எடுங்க. சென்சர்ல அழுக்கு இருந்தா கறுப்புப் புள்ளியாத் தெரியும். அதைக் கிளீன் பண்ணிடலாம். விலை குறைச்சுப் பேச மட்டும் வச்சுக்கோங்க. லென்ஸை மூடியோட சேர்த்து இன்னொரு படம். அதுல கலர் கலரா நிக்கற புள்ளி இருந்தா அது கெட்டுப்போன பிக்சல்.

ஷட்டர் எத்தனை கிளிக் ஓடியிருக்குன்னு கேளுங்க. நிக்கான்னா சுலபம். எடுத்த படத்தோட விவரத்துக்குள்ளயே அந்த எண்ணிக்கை இருக்கும், வீட்ல கம்ப்யூட்டர்ல பார்த்துடலாம். கேனன்ல பெரும்பாலும் படத்துல வராது, தனி சாஃப்ட்வேர் வேணும். அதனால கேனன் வாங்கும்போது கையோட தேய்மானத்தைப் பாருங்க. ரப்பர் பிடி வழுவழுன்னு ஆகியிருக்கா, மோட் டயல் எழுத்து அழிஞ்சிருக்கா, மவுண்ட் தேய்ஞ்சிருக்கா. கல்யாணம் கல்யாணமா ஓடின கேமரா தன் கதையைத் தானே சொல்லிடும்.

பில்லும் பெட்டியும் கேளுங்க. பெட்டில இருக்கற சீரியல் நம்பரும் பாடிக்கு அடில இருக்கறதும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா திருட்டுப் பொருளா இருக்கலாம். விலை எவ்வளவு மலிவா இருந்தாலும் தொடாதீங்க.

வாங்கியாச்சா? ஆட்டோ மோட்டை மறந்துடுங்க.

டயல்ல கேனன்னா ஏவி, நிக்கான்னா ஏ. அப்பெர்ச்சரை நீங்க சொல்வீங்க, ஷட்டரை அது பார்த்துக்கும். முதல் மாசம் முழுக்க இதுல மட்டும் எடுங்க. அடுத்தது ஷட்டர். அதுக்கு எங்கயும் போக வேண்டாம், உங்க வீட்டு சீலிங் ஃபேன் போதும். பகல்ல ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, 1/1000 வச்சு எடுங்க. மூணு இறக்கையும் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். 1/60-க்கு வாங்க, இறக்கை விரிஞ்சு இழுபடும். 1/15-க்கு வாங்க, மூணும் ஒண்ணாச் சேர்ந்து ஒரு வட்டமா ஆயிடும். அரை மணி நேரம். அதுக்கப்புறம் பம்பரம் விடற பையனைப் பார்த்தாலும், அருவியைப் பார்த்தாலும் எத்தனை வைக்கணும்னு கை தானாப் போகும்.

1/1000 வைக்கும்போது ஐஎஸ்ஓவை 3200 வரைக்கும் ஏத்த வேண்டியிருக்கும். பயப்படாதீங்க. பழைய ரேடியோல ஸ்டேஷன் சரியாக் கிடைக்காதப்ப வால்யூமைக் கூட்டினா பாட்டோட சேர்ந்து கரகரப்பும் கூடுமே, அதேதான் ஐஎஸ்ஓ. படத்துல கொஞ்சம் மணல் மணலா வரும். ஆடிப் போன படத்தைவிட மணல் விழுந்த படம் ஆயிரம் மடங்கு மேல்.

இதே ஃபேன் விளையாட்டை ராத்திரில பண்ணினா ஒரு வேடிக்கை நடக்கும். ட்யூப்லைட் வெளிச்சத்துல 1/1000 வச்சு வரிசையா எடுத்தா ஒரு படம் வெளிச்சமா, ஒண்ணு மங்கலா, ஒண்ணு பாதி மஞ்சளா வரும். கேமரா கெட்டுப் போகலை. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வச்ச ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையுது. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 1/50 இல்லேன்னா 1/100 வச்சுட்டா சரியாயிடும்.

அப்புறம் பிளஸ் மைனஸ் பட்டன். கேமராவோட மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக் காட்டணும்னு நினைக்கும். வெள்ளை வேட்டி கட்டின தாத்தாவை ஃப்ரேம் முழுக்க எடுத்தா வேட்டி அழுக்காத் தெரியும். பிளஸ் 1 போடுங்க, சலவை பண்ணின வெள்ளை வந்துடும். கறுப்பு ஆடு, கருங்கல் தூண்னா நேர்மாறு. வெளுத்துப் போகும், மைனஸ் 1 போட்டா கல்லு கல்லா நிக்கும். நம்ம ஊர்ல நல்ல கறுப்பு முகங்களை எடுக்கும்போது இது இன்னும் முக்கியம். பின்னாடி வெயில் அடிச்ச சுவர் இருந்தா மீட்டர் சுவத்தைப் பார்த்துட்டு முகத்தை இருட்டாக்கிடும். பிளஸ் போட்டு முகத்தைக் கொண்டு வாங்க. சுவர் வெளுத்தா வெளுத்துட்டுப் போகட்டும். அந்த முகத்தோட நிறம் அப்படியே வரணும். எடிட்டிங்ல அதை வெளுப்பாக்கறவங்க மேல எனக்கு இருக்கற கோபத்துக்குத் தனிப் பதிவே போடலாம்.

மழைக்காலத்துல கேமராவைப் பைக்குள்ள போட்டு பீரோல வைக்காதீங்க. சென்னை ஈரத்துக்கு அதுதான் ஃபங்கஸ் வளர்க்கற முறை. பாத்திரக் கடைல இறுக்கமா மூடற பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வாங்குங்க, அதுக்குள்ள நீல சிலிக்கா ஜெல் ஒரு பாக்கெட். நீலம் ரோஸ் ஆயிடுச்சுன்னா ஈரம் குடிச்சு நிறைஞ்சுடுச்சுன்னு அர்த்தம், மாத்திடுங்க. எல்லாத்தையும் விட நல்ல மருந்து, வாரத்துக்கு ஒரு நாளாவது வெளில எடுத்துப் படம் எடுக்கறது.

"அப்ப மிரர்லெஸ்ஸே வேண்டாமா மாமா?"

வேணும். பறக்கற பறவையோட கண்ணைத் தானாப் பிடிக்கறது, சத்தமே இல்லாம எடுக்கறது, எடுக்கறதுக்கு முன்னாடியே வெளிச்சம் எப்படி வரும்னு காட்டறது... இதெல்லாம் அதுல அருமையா இருக்கு. எடுத்து எடுத்து, "இந்த பாடில இந்த வேலை நடக்கலை"ன்னு அவளே ஒரு நாள் சொல்வா பாருங்க, அன்னிக்கு வாங்கலாம். எது வேணும்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கும். அந்த 50-ஐயும் விக்க வேண்டியதில்ல. கேனன்ல இஎஃப் லென்ஸை ஆர் வரிசைல மாட்ட அடாப்டர் 2018-லேர்ந்தே இருக்கு, ஃபோகஸும் ஒழுங்கா வேலை செய்யும். நிக்கான்லயும் எஃப்டிஇசட்னு ஒண்ணு உண்டு, ஏஎஃப்-எஸ் லென்ஸ் அதுல ஃபோகஸ் ஆகும்.

இப்போதைக்கு பங்குனில மயிலாப்பூர் அறுபத்துமூவருக்கு அந்த 50-ஐ மாட்டிக்கிட்டு வர்றதா சொல்லியிருக்கா. நானும் போறேன். வர்றவங்க இருந்தா சொல்லுங்க, சேர்ந்தே சுத்தலாம். பேட்டரி மட்டும் முதல் நாளே சார்ஜ் போட்டுடுங்க. மாட வீதில நீர்மோர் கிடைக்கும், பானகம் கிடைக்கும், தொன்னைல புளியோதரை கிடைக்கும். சார்ஜ் போட ப்ளக் பாயின்ட் கிடைக்காது.